மேற்குச் சுவரில் இல்லாத ஜன்னல்

அத்தியாயம் 7

நாய் முதலில் குரைத்தது. அப்புறம் சங்கரபாண்டியன் குரைத்தார். நாயின் குரலில் கொஞ்சமாவது மரியாதை இருந்ததாக விக்னேஷ்குமாருக்குப் பட்டது.

"யாரு நீங்க? கேட்டைத் தெறந்து விட்டது யாரு?"

"நாங்களேதான் தெறந்தோம் அண்ணாச்சி," என்றாள் சுகிர்தா. "உங்க மருமககிட்ட போன்ல சொல்லியிருந்தோம். விருதுநகர்ல வீடு கட்டுறோம். கார் ஷெட்டுக்கு ஒரு பிளான் வேணும். இவன் என் தம்பி."

திடீர்த் தம்பியாகிவிட்ட விக்னேஷ்குமார் பல்லைக் காட்டினான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய பைக். அதற்கும் ஸ்டாண்டு ஒடிந்து, வீட்டு முருங்கை மரத்தில் சாய்ந்துதான் நிற்கும்.

சங்கரபாண்டியன் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. வெடிப் பெட்டிகளுக்கு லேபிளும், ஊர் ஊருக்குச் சாமி காலண்டரும் அடித்துக் கொடுக்கும் பெரிய பிரஸ்ஸின் முதலாளி அவர். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. சிவகாசியில் கடன்காரனுக்குக்கூட ஒரு கலர் சோடா கிடைக்கும்.

"அஞ்சு நிமிசம். பாத்துட்டுக் கெளம்புங்க," என்றார். வீட்டுக்குள் திரும்பி, "ஏம்மா பிரீத்திகா" என்று அதட்டினார்.

சுகிர்தா வாட்சைப் பார்த்துக்கொண்டாள். காலையில் வெயிலுக்கு முன்னால் வந்துவிட்டுப் போகலாம் என்று விக்னேஷ்குமார் எவ்வளவோ கெஞ்சியும், சாயங்காலம்தான் வருவேன் என்று அடம்பிடித்து, இந்தப் பங்குனி வெயிலில் அவனைப் பைக் ஓட்ட வைத்திருந்தாள். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. விருதுநகரில் அவள் துப்பறியும் ஆபீஸ் வைத்த நாளிலிருந்து அவன் அவளுக்கு உதவியாள். காரணம் கேட்டுப் பதில் வாங்கிய நாள் ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை.

அவர்களுக்குக் கார் ஷெட்டும் வேண்டாம், பிளானும் வேண்டாம். போன வாரம் பொன்மணி என்ற பெண் அழுது வீங்கிய முகத்தோடு ஆபீசுக்கு வந்தாள். அவள் அம்மா வள்ளித்தாய் தீக்காய வார்டில் கிடந்தாள். இரண்டு கையும் முகமும் கட்டுக்குள். பேச்சில்லை. அப்பா நாகையா ஜெயிலில். தாயில்பட்டியில் தன் வீட்டு முற்றத்தில் திருட்டுத்தனமாக வெடி கட்டினார், பெண்டாட்டியையும் அந்த வேலைக்கு உட்கார வைத்தார், அதில் விபத்து என்பது போலீஸ் கதை. முற்றத்தில் கருகிய சாக்கும் கொஞ்சம் பேன்சி வெடியும் கிடந்ததே அதற்குச் சாட்சி.

பொன்மணி சொன்னது வேறு. "எங்க வீட்டுல ஒரு மத்தாப்புக்கூட கட்டுனதில்ல மேடம். அம்மா நாரணாபுரம் பக்கம் யாரு வீட்டுக்கோ போயி வெடி மருந்து அடைச்சுக் குடுக்கும். யாரு வீடுன்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாகளாம். ஒண்ணே ஒண்ணுதான் பொலம்பிக்கிட்டே இருக்கும். 'கார் ஷெட்டுக்குள்ள ஒக்கார வச்சிருக்காக, மேக்க ஒரு சன்னலு, சாயங்காலம் வெயிலு நேரா மருந்து மேலயே விழுது, பயமாயிருக்கு'ன்னு."

மொத்தத் துப்பும் அவ்வளவுதான். பொன்மணி போன பிறகு விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "சிவகாசியில கார் ஷெட்டுன்னா மூணு சுவரு, ஒரு ஷட்டரு. காரு என்ன வேடிக்கையாக்கா பாக்கப் போவுது, அதுக்கு எதுக்குச் சன்னலு?"

"அதான். சன்னல் வச்சு ஷெட் கட்டுற ஆளு யாருன்னு விசாரி."

விசாரித்ததில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. கோயம்புத்தூரில் கட்டடக்கலை படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிரீத்திகா. அவள் வரைந்து கொடுத்த கார் ஷெட்டுகள் ஊரில் எண்ணி நாலைந்து. எல்லாவற்றையும் சாலையில் நின்றே எட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றிலும் மேற்கே ஜன்னல் இல்லை. எட்டிப் பார்க்க முடியாதபடி மதிலுக்குள் இருந்தது நாரணாபுரத்தில் அவள் சொந்த வீட்டு ஷெட் மட்டும்தான்.

பிரீத்திகா வந்தாள். ஒல்லியான பெண். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மாமனார் முகத்தைப் பார்த்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. வீட்டை ஒட்டி மேற்குப் பக்கமாக இருந்தது ஷெட். வெள்ளைத்துரை என்ற கொத்தனார் ஷட்டரைத் தூக்கி விட்டார். அந்த வீட்டுக் கட்டட வேலையெல்லாம் பார்ப்பவர், முதலாளி கண் அசைவுக்கு ஓடுபவர்.

விக்னேஷ்குமார் உள்ளே காலை வைக்கப் போனான். வெள்ளைத்துரை ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினார்.

"செருப்பைக் கழத்தி விட்டுட்டு, போனை இதுல போட்டுட்டுப் போங்க."

"எதுக்கு? உள்ள மூலஸ்தானம் இருக்கா?"

வெள்ளைத்துரை திருதிருவென்று விழித்தார். சங்கரபாண்டியன் அவரை முறைத்த முறைப்பில் கூடையே உருகியிருக்கும். "காருக்குள்ள பெட்ரோல் இருக்குல்ல, அதான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சொன்னதைச் செய்யிங்க."

சுகிர்தா மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினாள், போனைக் கூடையில் போட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்து போனதை விக்னேஷ்குமார் மட்டும் கவனித்தான்.

ஷெட் பளபளவென்று இருந்தது. நாலு சுவருக்கும் புது வெள்ளை. நடுவில் கறுப்புக் கார். தெற்கே ஷட்டர். வடக்குச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல். கிழக்குச் சுவரில் ஒரு பத்திரகாளியம்மன் காலண்டர். மேற்குச் சுவர் வெறுமையாக, மழமழவென்று நின்றது. ஒரு ஆணி அடித்த தடம்கூட இல்லை.

மேற்கே ஜன்னல் இல்லை. கடைசி ஷெட்டும் போயிற்று. பொன்மணியிடம் இனி என்ன சொல்வது?

பிரீத்திகா ஜன்னலைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். பேச்சு வேலைக்குத் திரும்பியதும் அவள் குரலுக்கு உயிர் வந்தது. "ஷெட்டுக்கு எதுக்கு ஜன்னல்னு எல்லாரும் கேப்பாங்க. ஷட்டரை இறக்கிட்டா பட்டப்பகல்லயே உள்ள இருட்டு. கீழ விழுந்த ஒரு ஸ்க்ரூவை எடுக்க லைட் போடணும். வடக்குல வச்சா நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும், கண்ணு கூசாது. வெளிச்சம்தான் வரும், வெயில் வராது. இந்த மாசத்துல ஒரு பொட்டு நேர் வெயில்கூட உள்ள விழாது. ஜன்னலோட அடிப்பக்கத்தைக் கார் உசரத்துக்கு மேல வச்சிருக்கேன், அப்பத்தான் கார் நின்னாலும் மறைக்காது."

"மேக்க வச்சா என்ன?" என்று கேட்டாள் சுகிர்தா.

பிரீத்திகா வாயைத் திறந்தாள். பதில் மாமனாரிடமிருந்து வந்தது. "மேக்க எவனாவது வைப்பானா? சாயங்கால வெயில்ல காரு உள்ளெல்லாம் பொரிஞ்சு போகும். பாத்தாச்சுல்ல, கெளம்புங்க."

சுகிர்தா கிளம்பவில்லை. வடக்கு ஜன்னலருகே போய் நின்றாள். எதிரே காம்பவுண்டுச் சுவர், அதன் தலையில் உடைந்த பாட்டில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு. பால்கனியில் ஒரு பெரியவர் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது யாரு அண்ணாச்சி?"

"ராஜபாண்டியன். கூடப் பொறந்த அண்ணன்," என்றார் சங்கரபாண்டியன். காறித் துப்பாத குறை.

"பேச்சுவார்த்தை?"

"கோர்ட்டுல வக்கீல் பேசிக்கிடுவாரு."

"உங்க வீட்டுல அண்ணன் பாத்த பக்கம் ஒரு சன்னல்கூட இல்ல. வரும்போதே பாத்தேன், அம்புட்டும் வெறுஞ்சுவரு. உங்களுக்கே அவரு மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல, காரு மட்டும் பாக்கணுமாக்கும்?"

"மருமக ஆசைப்பட்டு வச்சா. உனக்கென்ன?"

'நீங்க' கழன்று 'நீ' வந்துவிட்டது. விக்னேஷ்குமார் ஷட்டர் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டான். வெள்ளைத்துரை அங்கே ஷட்டர் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அது காது குடைய வைத்திருக்கும் சாமான் இல்லை.

பயம் வந்தால் விக்னேஷ்குமாருக்கு வாய் சும்மா இருக்காது. கிழக்குச் சுவர்க் காலண்டரைக் காட்டினான். "அக்கா, நம்ம ஆபீசுக்கு இவுக பிரஸ் காலண்டர் மட்டும் வாங்கிராதீக. தை மாசம் வந்த காலண்டரு, பங்குனிக்குள்ள அம்மன் சேலை வெளுத்து ரோசாப்பூ கலராயிருச்சு. சாயமில்லாத மை."

சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். அம்மன் முகமும் நெற்றிக் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. இடுப்புக்குக் கீழே சிவப்புச் சேலை சாயம் போய் வெளிறியிருந்தது.

"ஆமா. மட்டமான மைதான்," என்றாள் நிதானமாக. "பாவம், மை வித்த கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் போல."

சங்கரபாண்டியனுக்கு வந்ததே கோபம். பெண்டாட்டியைப் பழித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள் அந்த ஊர் அச்சகக்காரர்கள், மையைப் பழிக்க விடமாட்டார்கள். "ஏலே, யாரைப் பாத்து மட்டம்ங்கிற? எங்க பிரஸ் சேப்பு தண்ணியில ஊறப்போட்டாலும் போகாது. காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எங்க அம்மன் சேப்பாத்தான் தொங்குறா. ரெண்டு மாசம் நேர் வெயில்ல போட்டு வாட்டுனாத்தான் இப்படி வெளுக்கும்."

"நேர் வெயில்ல," என்றாள் சுகிர்தா.

"நேர் வெயில்லதான்."

"இந்தச் சுவத்துல நேர் வெயிலு எங்கன இருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

விக்னேஷ்குமார் முதலில் காலண்டரைப் பார்த்தான், அப்புறம் அதற்கு நேர் எதிரே இருந்த மேற்குச் சுவரைப் பார்த்தான், அப்புறம் தன் வாயை மனதாரப் பாராட்டிக்கொண்டான்.

"அது வீட்டுக்குள்ள மாட்டியிருந்தது," என்று சுதாரித்தார் சங்கரபாண்டியன். "நேத்துத்தான் இங்கன கொண்டாந்து மாட்டுனோம்."

விக்னேஷ்குமார் போய்க் காலண்டரின் அடியைப் பிடித்து மெல்லத் தூக்கினான். பின்னால் சுவரில் காலண்டர் அளவுக்கு ஒரு பச்சைக் கட்டம். பழைய பெயின்ட். நாலு சுவருக்கும் புது வெள்ளை அடித்தவர்கள் காலண்டரைக் கழற்றாமல் அதைச் சுற்றி அடித்திருந்தார்கள்.

"ஏலே வெள்ளைத்துரை." முதலாளி கொத்தனார் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்துத் தூரப் போடச் சொன்னனேலே."

வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டார். "அம்மனை எப்படி மொதலாளி கழத்திப் போடுறது? வருசம் முடியாம கழத்தக்கூடாதுல்ல."

சுகிர்தா இப்போது யாருக்கும் தம்பியோடு வந்த அக்கா இல்லை. "போனும் செருப்பும் வெளிய வைக்கிறது வெடி கட்டுற ஆபீஸ் வழக்கம். மருந்துக்கு ஆகாதுன்னு. காருக்கு ஆகாதுன்னு எவனும் வச்சதில்ல. அந்தக் கூடை இன்னும் பழக்கம் மறக்கல. உங்க மருமக வடக்க வரைஞ்ச சன்னலை நீங்க அடைச்சீக, உள்ள பொம்பளையாளுக மருந்து அடைக்கிறதை அண்ணன் பாத்துருவாருன்னு. மேக்க கருவேலங்காடு, ஆளு நடமாட்டம் கெடையாது. அங்கன ஒரு சன்னலைப் பிச்சு விட்டீக. மருந்து வேலைக்கு வெயிலு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு வெயிலை விட அண்ணன் பயம் பெருசாப் போச்சு. பத்திக்கிட்ட பெறகு மேக்க அடைச்சு, பிளான்ல இருக்குற மாதிரியே வடக்கத் தெறந்து, வெள்ளை அடிச்சு, காரைக் கொண்டாந்து நிப்பாட்டியாச்சு. வள்ளித்தாயை அவ வீட்டு முத்தத்துல, கருகுன சாக்கும் கொஞ்சம் வெடியுமா கொண்டு போய்ப் போட்டாச்சு."

அவள் பிரீத்திகா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமாம்மா? அவ புருசன் நாகையா ஜெயில்ல இருக்காரு. பெண்டாட்டியைத் திருட்டு வெடி கட்ட வச்சு வேக விட்டாருன்னு கேசு."

"ஜெயில்லயா?" பிரீத்திகாவின் முகம் வெளுத்தது. "லேசான காயம்னு சொன்னீங்களே மாமா. வைத்தியத்துக்கு நாமதான் எல்லாம் பாக்கறோம்னு சொன்னீங்களே."

"நீ வீட்டுக்குள்ள போ."

அவள் போனாள். தலையைக் குனிந்துகொண்டு, ஷட்டரைத் தாண்டி வெளியே போய்விட்டாள். விக்னேஷ்குமார் அவள் முதுகையே பார்த்தான். இத்தனையும் கேட்டபிறகு ஒருத்தி அப்படிப் போக முடியுமா?

"ஷட்டரை எறக்குலே வெள்ளைத்துரை," என்றார் சங்கரபாண்டியன்.

கடகடவென்று ஷட்டர் இறங்கி வெளியே பூட்டு விழுந்தது. உள்ளே மூன்று பேர். வடக்கு ஜன்னல் வழியாக அந்த நல்ல, கண் கூசாத வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியன் கார் ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்திருந்தார்.

"வெளுத்த காலண்டரை வச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவ? அதைக் கிழிச்சு அடுப்புல போட எம்புட்டு நேரம் ஆகும்? இந்த ஊர்ல எத்தனை பேரு கை கால் இல்லாம கெடக்கான் தெரியுமா. ஒங்களையும் எங்கனயாவது ஒரு முத்தத்துல போட்டா யாரு கேப்பா?"

"அக்கா," என்றான் விக்னேஷ்குமார். "என் முத்தத்துல முருங்கை மரம் மட்டுந்தான் இருக்கு. கொஞ்சம் நல்ல எடமா கேட்டு வாங்குங்க."

சுகிர்தா அதற்குள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நின்று, மாடியைப் பார்த்துச் சத்தமாக அழைத்தாள். "அண்ணாச்சி. உங்க தம்பி எங்களை உள்ள வச்சு ஷட்டரைப் பூட்டிட்டாரு. கையில கம்பி இருக்கு. போலீசுக்கு ஒரு போன் போடுறீகளா?"

பேப்பர் இறங்கியது. ராஜபாண்டியனின் முழு முகமும் அப்போதுதான் தெரிந்தது. பிறந்த நாள் கொண்டாடுகிற முகம்.

"இப்பவே போடுதேன் தாயி. இந்தச் சன்னலு போன வாரம் வரைக்கும் அடைச்சுத்தான் கெடந்துச்சு. தெறந்த நாள்லருந்து நான் இங்கனயேதான் ஒக்காந்திருக்கேன். எதையாவது பாப்பம்னு தெரியும்."

சங்கரபாண்டியன் கம்பியை ஓங்கினார். அண்ணன் பார்க்கிறார் என்பது உறைத்திருக்க வேண்டும். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"அவன் என் விரோதி," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "அவன் சாட்சி செல்லாது. சுவத்துல ஒண்ணும் இல்ல. நல்லாப் பாத்துக்க, சுவத்துல ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் மேற்குச் சுவர் அதிர்ந்தது.

வெளியிலிருந்து ஒரு இடி. சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்னொரு இடி. மழமழவென்றிருந்த வெள்ளையில் ஒரு விரிசல் ஓடியது.

"வெள்ளைத்துரை, யாருலே அது? தடுலே," என்று கத்தினார் சங்கரபாண்டியன்.

ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளைத்துரையின் குரல் மெதுவாக வந்தது. "மொதலாளி, சின்னம்மா கையில கடப்பாரை இருக்கு."

அவசரத்தில் அடுக்கிப் பூசிய செங்கல். கலவை இன்னும் சரியாக இறுகவில்லை. மறுபடி மறுபடி இடி விழுந்தது. ஒரு கல் அசைந்து, திரும்பி, கார் பக்கத்தில் வந்து விழுந்து உடைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் விழுந்தது.

ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே பாய்ந்தது. காரின் கறுப்பு முதுகைத் தாண்டிப் போய்க் கிழக்குச் சுவரில் விழுந்தது. அம்மனின் முகத்தில் விழவில்லை. அவளுடைய வெளுத்த சேலையில், சரியாக அங்கே விழுந்தது. சாயங்காலம்தான் வருவேன் என்று சுகிர்தா அடம்பிடித்தது எதற்கென்று விக்னேஷ்குமாருக்குக் கடைசியில் புரிந்தது.

ஓட்டைக்குள் ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பியைக்கூடப் பெயர்க்காமல் அடைத்திருந்தார்கள். அந்தக் கம்பியில் பழைய நூல் சேலையின் கிழிசல் ஒன்று முடிச்சுப் போட்டபடி இருந்தது. பாதி கருகியிருந்தது. சுகிர்தா கிட்டப் போய் அதைப் பார்த்தாள், தொடவில்லை. வெயிலை மறைக்க வள்ளித்தாய் கட்டியது அது. யாரும் சொல்லாமலே அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

கம்பிக்கு வெளியே பிரீத்திகாவின் முகம் வந்தது. வேர்வையும் சிமென்ட் தூசியுமாக இருந்தாள். இந்தத் தடவை மாமனார் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தம்மா என்கிட்ட வந்து கேட்டாங்க. வெயில் மருந்து மேல விழுது, இந்த ஜன்னலை மூடிக் குடுங்கன்னு. நான் இவர்கிட்ட சொன்னேன். சீசன் ஆர்டர் முடியட்டும், அதுக்கப்புறம் மூடலாம்னாரு. வடக்குலதான் வரைஞ்சேங்க நான். வடக்குலதான் வரைஞ்சேன்." அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். "அவங்க கேட்டப்ப மூடல. அவங்க வெந்த மறுநாள் மூடிட்டாங்க."

தூரத்தில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. மாடியில் ராஜபாண்டியன் யாருக்கோ கை காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். பொன்மணியிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம், அப்பா வந்துவிடுவார் என்று. அம்மாவைப் பற்றிச் சொல்ல விக்னேஷ்குமாரிடம் ஒன்றும் இல்லை.

வெயில் மெல்ல நகர்ந்து சங்கரபாண்டியன் முகத்துக்கு வந்தது. அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். வள்ளித்தாயால் அப்படி மறைத்துக்கொள்ள முடிந்திருக்காது. அவளுடைய இரண்டு கையிலும் மருந்து இருந்திருக்கும்.